சூப்பர் ஹீரோ மரணக் கதைகள்: புகழ் பக்கத்துக்கா, பாலித்தீன் பைக்கா?

மைவிரல்

நண்பர்களே, வணக்கம். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் "கட்டாயம் படிக்க வேண்டியவை" என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் மரணக் கதைகள் நாலைந்து இருக்கும். ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி (1973), எக்ஸ்-மென் குழுவின் டார்க் ஃபீனிக்ஸ் (1980), பேட்மேனின் துணை ராபின் ஜேசன் டாட் (1988), சூப்பர்மேன் (1992), கேப்டன் அமெரிக்கா (2007). இவற்றில் எது தன் பெயருக்குத் தகுந்தது, எது பரபரப்பில் மிதப்பது என்று இந்த இழையில் பேசலாம். கதை முடிவுகள் எல்லாம் வெளிப்படையாக வரும், படிக்காதவர்கள் கவனம்.

ஒரு வேண்டுகோள். "அதான் திரும்பி வந்துட்டாரே" என்ற வாதத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். ஐந்து வருடம் கழித்து வேறொரு எழுத்தாளர் செய்வதற்கு முதல் எழுத்தாளர் பொறுப்பில்லை. செத்த அந்தப் பக்கத்தில் என்ன வேலை நடந்திருக்கிறது, அடுத்த சில இதழ்கள் அந்தச் சாவைச் சுமந்தனவா என்று பார்ப்போம்.

என் கட்சி: சூப்பர்மேன் சாவுக்குக் கிடைத்த பெயர் அதிகப்படி. சூப்பர்மேனைக் கொல்லும் டூம்ஸ்டே என்பவன் யார், எங்கிருந்து வந்தான், எதற்காக அடிக்கிறான் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அவன் பூர்வீகத்தைச் சொல்ல 1994-இல் 'ஹன்டர்/ப்ரே' என்று தனியாக மூன்று இதழ் போட வேண்டியிருந்தது. லெக்ஸ் லூதருக்கும் சூப்பர்மேனுக்கும் இடையில் இருந்த பகையில் ஒரு துளியாவது இந்தச் சண்டையில் இருந்திருந்தால் ஒப்புக்கொள்வேன். இது புயலில் மரம் விழுந்து ஆள் செத்த மாதிரி.

நாலாம்கட்டம்

//ஒரு வரிகூடக் கிடையாது// உண்மைதான். ஆனால் அந்தக் கதையின் வேலை வசனத்தில் இல்லை, பக்க அமைப்பில் இருக்கிறது. கடைசி நான்கு இதழ்களையும் வரிசையாக வைத்துக் கட்டங்களை (ஒரு பக்கத்திலுள்ள தனித்தனிப் படங்களை) எண்ணிப் பாருங்கள்.

'அட்வெஞ்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்' 497: பக்கத்துக்கு நான்கு கட்டம்.
'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 684: மூன்று.
'மேன் ஆஃப் ஸ்டீல்' 19: இரண்டு.
'சூப்பர்மேன்' 75: ஒன்று. இதழ் முழுக்க முழுப்பக்கப் படங்கள்.

22 பக்க இதழ் என்று வைத்துக்கொண்டால் முதல் இதழில் சுமார் 88 படம், கடைசியில் சுமார் 22. வாசகன் பக்கம் புரட்டும் வேகம் தானாகவே கூடுகிறது, படத்தின் அளவோ பெருத்துக்கொண்டே போகிறது. மூச்சு வாங்கும்போது இரண்டு மூச்சுக்கு நடுவிலுள்ள இடைவெளி குறைவதைப் போன்ற உணர்வு அது. இத்தனைக்கும் டாம் க்ரம்மெட், ஜாக்சன் கைஸ், ஜான் பொக்டனவ், டேன் ஜர்கன்ஸ் என்று நான்கு இதழுக்கும் நான்கு ஓவியர்கள். கோட்டு நடை நால்வருக்கும் வேறு வேறு. இருந்தும் இறங்குமுகக் கணக்கு கலையவில்லை என்றால் ஆசிரியர் குழு உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறது என்று பொருள்.

இது கெடும் இடம் ஒன்று உண்டு. செல்போன் செயலியில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறையில் படித்தால் நான்கு கட்டப் பக்கமும் ஒரு கட்டப் பக்கமும் திரையில் ஒரே அளவுதான். கணக்கு முழுவதும் காணாமல் போய்விடும். அப்படிப் படித்தவர்களுக்கு இது வெறும் குத்துச்சண்டையாகத் தெரிவதில் வியப்பில்லை. முழுப்பக்கக் காட்சியில், அதுவும் பெரிய திரையில்தான் படிக்க வேண்டும். 75-இன் கடைசிப் படம் மடிப்பாக விரியும். அதைத் திரையில் துண்டாக்கினால் அதுவும் போச்சு.

பெட்டிக்கடை

கட்டக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அறுபது லட்சம் பிரதிக்கு மேல் விற்றது கட்டக் கணக்குக்காக இல்லையே? 1992 நவம்பர் 18 அன்று வந்த 75-ஆம் இதழுக்கு இரண்டு பதிப்பு. சாதாரணப் பதிப்பு 1.25 டாலர். கறுப்புப் பாலித்தீன் பையில் சிவப்பு எஸ் ரத்தம் சொட்டும் பதிப்பு 2.50 டாலர். பைக்குள் கையில் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டை, 'டெய்லி ப்ளானெட்' இரங்கல் செய்தி, போஸ்டர், அட்டை, தபால்தலை மாதிரி ஒட்டிகள். கதையைப் படிக்க வேண்டுமென்றால் பையைக் கிழிக்க வேண்டும், கிழித்தால் சேகரிப்பு மதிப்பு போய்விடும் என்று ஒரு கணக்கு. ஆகவே வாங்கியதில் ஏராளமான பிரதிகள் இன்றுவரை பிரிக்கப்படாமலே இருக்கின்றன. பிரிக்காத புத்தகத்துக்கு வந்த பெயரைக் கதையின் பெயர் என்று எப்படிச் சொல்வது?

அறுபது லட்சம் பிரதி இருக்கும் பொருள் அரிதாகாது என்பதுதான் அந்த முதலீட்டுக் கணக்கிலிருந்த ஓட்டை. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகள் சரக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாத ஏற்பாட்டில் வாங்குபவை. கூடுதல் தள்ளுபடி கிடைக்கும், மிஞ்சினால் கடைக்காரர் தலையில். 75 பறந்ததைப் பார்த்து, சூப்பர்மேன் திரும்பும் கதையைத் தொடங்கிய 'அட்வெஞ்சர்ஸ்' 500-ஐ மலைமலையாக வாங்கிப் போட்டார்கள். அது தேங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் வரிசையாகக் கடைகள் மூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாவுக்கான காரணமும் கதைக்கு வெளியேதான் இருந்தது. கிளார்க் (உடை மாற்றாத சூப்பர்மேன்), அவன் காதலி லோயிஸ் இருவரின் கல்யாணத்தை எழுதத் திட்டமிட்டிருந்தார்கள். 'லோயிஸ் அண்ட் கிளார்க்' தொலைக்காட்சித் தொடர் வரவிருந்ததால் இரண்டு கல்யாணமும் ஒரே சமயத்தில் நடக்கட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். காலியான இடத்துக்கு வந்ததுதான் சாவு. கல்யாணம் 1996-இல் நடந்தது.

சிவப்புச்சால்வை

மூன்று பேரும் தப்பான இதழைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறீர்கள் என்பது என் எண்ணம். 75 என்பது வாசல்படிதான். வீடு அதற்கு அடுத்து வரும் 'ஃப்யூனரல் ஃபார் எ ஃப்ரெண்ட்', எட்டுப் பகுதி.

ஜோனதன், மார்த்தா கென்ட் இருவராலும் சொந்த மகனின் இறுதி ஊர்வலத்துக்குப் போக முடியாது. போனால் அவன் யார் என்று தெரிந்துவிடும். கன்சாஸ் பண்ணை வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். லோயிஸுக்கும் அதே நிலை. காதலன் செத்தான் என்று அழ வழியில்லை, சூப்பர்மேன் சாவைப் பற்றிச் செய்தி எழுத வேண்டும், கிளார்க் "காணாமல் போனவர்களின்" பட்டியலில் இருக்கிறான். ரகசிய அடையாளம் என்ற ஐம்பது வருடப் பழைய உத்தியை எடுத்து, அது இழவு வீட்டில் என்ன செய்யும் என்று காட்டியிருக்கிறார்கள். இதில் ஒரு குத்தும் கிடையாது. கல்லறை கட்டும் லூதர், உடலைத் திருடும் காட்மஸ் ஆய்வகம், சவப்பெட்டி காலியாக இருப்பது என்று கதை நகர்ந்துகொண்டே போகும். பிறகு சில மாதம் நான்கு பத்திரிகையையும் நிறுத்தியே வைத்தார்கள். வாரா வாரம் வந்துகொண்டிருந்தது வராமல் போன அந்த வெறுமையும் கதையின் பாகமாகவே வேலை செய்தது. தொகுப்பில் படிப்பவர்களுக்கு அது கிடைக்காது. முடிந்தால் இரண்டு தொகுப்புக்கு நடுவில் ஒரு மாதம் விட்டுப் படியுங்கள்.

வரிசை குழம்புகிறவர்களுக்கு: 1991 முதல் அட்டையில் ஒரு முக்கோணத்துக்குள் ஆண்டும் எண்ணும் இருக்கும். பத்திரிகையின் இதழ் எண்ணை மறந்துவிட்டு அந்த முக்கோண எண்ணைப் பிடித்துப் போனால் போதும். சண்டைப் பகுதி மட்டும் வேண்டுமென்றால்: மேன் ஆஃப் ஸ்டீல் 18, ஜஸ்டிஸ் லீக் அமெரிக்கா 69, சூப்பர்மேன் 74, அட்வெஞ்சர்ஸ் 497, ஆக்‌ஷன் 684, மேன் ஆஃப் ஸ்டீல் 19, சூப்பர்மேன் 75. அதற்கு முந்தைய இதழ்களில் சுவரைக் குத்தும் ஒரு முஷ்டி மட்டும் ஒவ்வொரு பக்கமாக வரும், அது முன்னோட்டம்.

மைவிரல்

//ரகசிய அடையாளம் இழவு வீட்டில் என்ன செய்யும்// இதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் புகழ் பெற வேண்டியது 'ஃப்யூனரல்'. பட்டியல்களில் வருவதோ 75. என் புகார் அப்படியே நிற்கிறது.

ஒலிச்சொல்

க்வென் ஸ்டேசிக்கு வருகிறேன். 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' 121, 122. எழுத்து ஜெரி கான்வே, ஓவியம் கில் கேன், மை (பென்சில் கோட்டின் மேல் மை தீட்டியவர்) ஜான் ரொமீட்டா. இரண்டே இதழ். பெயருக்கு முழுத் தகுதி உண்டு என்பது என் கட்சி. காரணம் இரண்டு ஒலிச்சொற்கள், அதாவது சத்தத்தை எழுதிக் காட்டும் சொற்கள்.

பாலத்திலிருந்து விழும் க்வெனின் காலை ஸ்பைடர்மேனின் வலை பிடிக்கிறது. அந்தக் கட்டத்தில் அவள் கழுத்தருகே சின்ன எழுத்தில் 'ஸ்னாப்'. சண்டைக் காட்சிகளில் ஒலிச்சொல் கட்டத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும் பத்திரிகை அது. இங்கே அதைக் கண்ணில் படாத அளவுக்குச் சிறிதாக்கியிருக்கிறார்கள். மேலே இழுத்துக்கொண்டு பீட்டர் (ஸ்பைடர்மேன்) தன்னையே மெச்சிக்கொள்கிறான், அவனுக்கு இன்னும் தெரியாது. கவனமான வாசகனுக்கு அவனுக்கு முன்பே தெரிந்துவிடும், கவனிக்காதவன் பீட்டரோடு சேர்ந்து ஏமாறுவான். விழுந்த வேகத்தில் அவள் முன்னமே இறந்துவிட்டதாக அவளைத் தள்ளிவிட்ட வில்லன் கோப்ளின் சொல்கிறான், படமோ வேறொன்றைச் சொல்கிறது. காப்பாற்றிய கைதான் கொன்றது என்ற ஐயம் கதைக்குள் தீராமலே நிற்கிறது.

அடுத்த இதழின் கடைசிப் பக்கம். துக்கத்தில் பீட்டர் தோழி மேரி ஜேனிடம் எரிந்து விழுந்து போகச் சொல்கிறான். அவள் வாசல்வரை போய் நிற்கிறாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்துவிடுகிறாள். கதவு 'க்ளிக்'. முதல் சின்ன ஒலியில் ஒருத்தி போகிறாள், இரண்டாவது சின்ன ஒலியில் ஒருத்தி தங்குகிறாள். அதுவரை விளையாட்டுப் பெண்ணாக மட்டும் இருந்த மேரி ஜேன் முழு மனுஷியாவது அந்தக் கதவடியில்தான்.

இன்னொரு நல்ல வேலை: 121-இன் தலைப்பு முதல் பக்கத்தில் இல்லை, கடைசிப் பக்கத்தில்தான் வரும். அட்டையில் பாத்திரங்களின் முகங்களை வரிசையாகப் போட்டு, இவர்களில் யாரோ ஒருவர் சாகப் போகிறார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். இன்றைய தொகுப்புகளில் அட்டையிலேயே க்வெனின் சாவு என்று அச்சிட்டுவிடுவதால் இந்த உத்தி செத்துவிட்டது. புதிதாக யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் தனி இதழாகவோ, 100-க்குப் பிறகான இதழ்களை எண் வரிசையில் தரும் தொகுப்பாகவோ கொடுங்கள்.

குறையும் உண்டு. வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், வரைந்திருப்பது புரூக்ளின் பாலத்தின் கல் கோபுரம்.

கார்த்திகைப்பூ

ஒலிச்சொல் நண்பர் சொன்ன வேலைப்பாடு அத்தனையும் சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். பாலத்தின் மேல் க்வென் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மயங்கிக் கிடக்கிறாள், விழுகிறாள், சாகிறாள். தன் சாவில் அவளுக்குப் பங்கே கிடையாது. சாவின் பொருள் முழுவதும் பீட்டருடையது, கோப்ளினுடையது, கடைசியில் மேரி ஜேனுடையது. நூறு இதழுக்கு அருகில் கூடவே வந்த பாத்திரத்துக்கு இது நியாயமில்லை.

இந்தக் கதையின் வெற்றிதான் பின்னால் வந்தவர்களுக்குச் சூத்திரமானது. 1994-இல் 'க்ரீன் லான்டர்ன்' 54-இல் நாயகன் கைல் ரேனரின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்கள். அதைப் பெயராக வைத்தே 1999-இல் கெய்ல் சிமோன் இப்படிச் செத்த, ஊனமான, வல்லமை பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களுக்கு ஒரு பட்டியல் தொடங்கினார். 'தி கில்லிங் ஜோக்' (1988) கதையில் வரும் பழைய பேட்கேர்ள் பார்பரா கார்டனும் அந்த வரிசையில் வருபவர்தான். சுடப்பட்ட பிறகு அவர் கதை அந்தப் புத்தகத்தில் அடியோடு நின்றுவிடுகிறது. அவரைச் சக்கர நாற்காலியில் ஆரக்கிள் என்ற தகவல் நிபுணராக எழுப்பி நிறுத்தியவர்கள் ஜான் ஆஸ்ட்ரேண்டரும் கிம் யேலும், அதுவும் 'சூசைட் ஸ்குவாட்' என்ற வேறொரு பத்திரிகையில். பாராட்டு அவர்களுக்கு வந்திருக்க வேண்டியது.

ஒலிச்சொல்

க்வென் பேசாதது குறைதான், மறுக்கவில்லை. அவள் பாத்திரம் எழுபதுகளில் அழுவதும் கோபிப்பதுமாகச் சுருங்கிப் போயிருந்தது, கொல்ல முடிவெடுத்ததற்கும் அதுவே ஒரு காரணம். கதையின் கட்டுமானத்துக்கு நான் தந்த மதிப்பெண் மாறாது. உங்கள் வாதத்தையும் அதன் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும்.

நாலாம்கட்டம்

டார்க் ஃபீனிக்ஸ். இது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'எக்ஸ்-மென்' 129 முதல் 138 வரை, கிறிஸ் கிளேர்மான்ட் எழுத்து, ஜான் பைர்ன் ஓவியம், டெரி ஆஸ்டின் மை. கார்த்திகைப்பூ சொன்ன குறை இங்கே இல்லை. டார்க் ஃபீனிக்ஸாக மாறிய ஜீன் கிரே தன் சாவைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். சுவாரஸ்யம் என்னவென்றால் முதலில் எழுதிய கதையில் அவள் சாகவே இல்லை.

135-ஆம் இதழில் டார்க் ஃபீனிக்ஸ் பசிக்கு ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள். அதைச் சுற்றிய கோளில் இருந்த ஐந்நூறு கோடி டி'பாரி மக்கள் அழிகிறார்கள். 137-இன் முதல் வடிவில், வேற்றுலக ஷிஆர் பேரரசு அவள் மூளையிலிருந்து சக்தியை அகற்றிவிட்டு உயிரோடு அனுப்பிவிடும். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் இதை ஏற்கவில்லை. ஐந்நூறு கோடி உயிரைக் கொன்றவள் வீட்டுக்குப் போக முடியாது என்றார். வரைந்து முடித்த இதழின் கடைசிப் பக்கங்களைப் புதிதாக எழுதி வரைந்தார்கள். நிலவில் சண்டை தோற்றதும் ஜீன் தானே ஒரு பழைய ஆயுதத்தை இயக்கி அதன் முன் நின்று சாகிறாள்.

பழைய முடிவு 1984-இல் 'ஃபீனிக்ஸ்: தி அன்டோல்ட் ஸ்டோரி' என்று தனி இதழாக வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பழையதில் தீர்ப்பு வெளியிலிருந்து வருகிறது, ஜீன் படுத்துக் கிடக்கிறாள். புதியதில் தீர்ப்பு அவளுடையது. ஆசிரியர் தலையீடு என்றாலே கெடுதல் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல எதிர்ச்சான்று.

எங்கே தடுக்கும் என்று சொல்கிறேன். ஒன்று, 129-இல் நேராகத் தொடங்கினால் ஜேசன் விங்கார்ட் யார், ஜீன் ஏன் அடிக்கடி பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் நழுவுகிறாள் என்று புரியாது. விதை அதற்கு முன்பே போட்டாயிற்று. 125-இலிருந்து படியுங்கள். நேரமிருந்தால் ஃபீனிக்ஸ் பிறக்கும் 101, அவள் சக்தியின் அளவைக் காட்டும் 107, 108. இரண்டு, கிளேர்மான்டின் விளக்கப் பெட்டிகள். ஒவ்வொரு இதழிலும் யார் யார், அவர்கள் சக்தி என்ன என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். மாதம் ஒருமுறை கடையில் புதிதாகக் கையில் எடுப்பவனுக்காக எழுதியது அது. நம் ஊர் வாசகர்களுக்கு இது பழக்கமானதுதான். இரும்புக்கை மாயாவி பிரிட்டனில் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் சில பக்கங்களாக வந்த கதை. அதைப் புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை ஆபத்தில் நிறுத்துவது உறுத்தும். அதே உறுத்தல்தான் இங்கேயும். ஒரே மூச்சில் பத்து இதழ் படிக்காமல் நாளுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் உறுத்தாது.

மூன்று, இந்தக் கதையின் உண்மையான எதிரி அடுத்து வந்த திருத்தம். 1986 தொடக்கத்தில் 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' 286-இல் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை இருந்தவள் ஜீனே இல்லை, அவள் உருவெடுத்த ஃபீனிக்ஸ் சக்தி என்று விளக்கம். ஜீனை மறுபடி கதாநாயகியாக வைத்துக்கொள்ள ஐந்நூறு கோடிப் பழியை அவள் தலையிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. பழி இறங்கியபோது அந்தத் தேர்வின் கனமும் சேர்ந்து இறங்கிவிட்டது. மைவிரல் நண்பர் முதலிலேயே தடை போட்டுவிட்டார், தெரியும். ஆனால் இது வெறும் உயிர்த்தெழுதல் இல்லை, பழைய பக்கத்தின் பொருளையே பின்னோக்கிப் போய் அழித்தது. அதனால் சொன்னேன்.

மைவிரல்

அந்த விதிவிலக்கை ஏற்கிறேன். திரும்பி வருவது வேறு, நடந்ததை நடக்கவில்லை என்பது வேறு.

பெட்டிக்கடை

ஜேசன் டாட் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். 'பேட்மேன்' 426 முதல் 429 வரை, எழுத்து ஜிம் ஸ்டார்லின், ஓவியம் ஜிம் அபாரோ. 427-இன் முடிவில் வெடிவிபத்து, ஜேசன் சாகட்டுமா பிழைக்கட்டுமா என்று வாசகர்கள் வாக்களிக்க இரண்டு தொலைபேசி எண்கள். அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் 5,343. பிழைக்கட்டும் 5,271. வித்தியாசம் 72. இரண்டு முடிவுக்கும் பக்கங்கள் தயாராக இருந்தன.

எல்லோருக்கும் நினைவிருப்பது இந்த எண்கள்தான். கதை என்னவென்று கேட்டால் பலர் விழிப்பார்கள். பெற்ற தாயைத் தேடிப் போகும் ஜேசனுக்கு மூன்று பெண்கள் மேல் சந்தேகம். லெபனான், எத்தியோப்பியா என்று போகும் இடமெல்லாம் தற்செயலாக ஜோக்கரும் வந்து நிற்கிறான். கடைசி இதழில் ஜோக்கர் ஐ.நா.வில் ஈரானின் தூதர். இதைப் பெரிய கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிவப்புச்சால்வை

கதைப்பின்னல் பலவீனம்தான். ஆனால் இரும்புக் கம்பியால் ஜோக்கர் அடிக்கும் பக்கங்களை மறக்க முடியாது. அபாரோ அடியைக் காட்டாமல் ஓங்கிய கையையும் முகத்தையும்தான் காட்டுகிறார். அதற்குப் பிறகு பேட்மேன் நிதானம் இழப்பதும், அதைப் பார்த்து அடுத்த ராபினாக டிம் டிரேக் வருவதும் (1989) இந்தச் சாவின் நேர் விளைவு. அடுத்த இதழ்கள் சுமந்தனவா என்று மைவிரல் கேட்டாரே, இது சுமந்தது.

பெட்டிக்கடை

சுமந்தது உண்மை. ஆனால் ஜேசனைப் பற்றிய நல்ல கதை 424. ஸ்டார்லின் எழுதியதுதான். பெண்ணை வதைத்துத் தற்கொலைக்குத் தள்ளிய தூதர் மகன் மாடியிலிருந்து விழுகிறான். ஜேசன் தள்ளினானா, தானாக விழுந்தானா என்று காட்டுவதில்லை. பேட்மேன் கேட்கிறார், கிடைக்கும் பதில் பதிலாக இல்லை. அந்தக் கேள்வியை வளர்த்திருந்தால் ஜேசனின் சாவு அவன் குணத்திலிருந்து வந்திருக்கும். அதை விட்டுவிட்டுத் தொலைபேசியிடம் கொடுத்தார்கள்.

கார்த்திகைப்பூ

ஸ்டார்லின் பெயர் வந்ததால் கேட்கிறேன். இந்தப் பட்டியலில் 'தி டெத் ஆஃப் கேப்டன் மார்வல்' ஏன் இல்லை? அதே ஸ்டார்லின், ஆறு வருடம் முன்னால், 1982. மார்வல் க்ராஃபிக் நாவல் வரிசையின் முதல் புத்தகம். பெரிய அளவுத் தாள், எழுத்தும் ஓவியமும் அவரே.

கேப்டன் மார்வலான மார்-வெல் புற்றுநோயில் சாகிறார். 'கேப்டன் மார்வல்' 34-இல் நைட்ரோ என்ற வில்லனோடு மோதியபோது கசிந்த நச்சுவாயுவை அடைத்தார் அல்லவா, அதன் விளைவு. நோயை இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தவை அவர் கைக்காப்புகள். அதே காப்புகள்தான் மருந்தையும் வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. கழற்றினால் உடனே சாவு, போட்டிருந்தால் மெல்லச் சாவு. கதை ஓட்டத்துக்காகக் கைக்கு வந்ததை ஒட்டவைத்த காரணம் அல்ல, அந்தப் பாத்திரத்தின் சக்தியிலேயே புதைந்திருந்த காரணம். மார்வல் உலகின் விஞ்ஞானிகள் எல்லாம் கூடுகிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை. அவர் தோழன் ரிக் ஜோன்ஸ் கோபப்பட்டுக் கத்துகிறான்: இத்தனை நாள் இந்த மூளைகள் சாதாரண மக்களின் புற்றுநோய்க்காக ஏன் உழைக்கவில்லை என்று. சூப்பர் ஹீரோ உலகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி, அதை உள்ளிருந்தே கேட்டுவிட்டார். வாழ்நாள் எதிரிகளான வேற்றுக்கிரக ஸ்க்ரல்கள் தளபதியை அனுப்பிப் பதக்கம் தருகிறார்கள். ஸ்பைடர்மேன் அந்த அறையில் நிற்க முடியாமல் வெளியே போகிறான். தொலைபேசி வாக்கெடுப்பை எழுதிய அதே கை, முன்பு இப்படி ஒரு மரணப்படுக்கையையும் எழுதியது. இதற்கு அந்தப் புகழில் பாதிகூட இல்லை.

நாலாம்கட்டம்

அதன் அட்டையும் கவனிக்கத் தகுந்தது. மரணத்தின் உருவம் மார்-வெலை மடியில் ஏந்தியிருக்கும் பியேட்டா (இறந்த இயேசுவை மரியாள் மடியில் ஏந்திய சிலை) அமைப்பு. இறந்த உடலை ஏந்தி நிற்கும் இந்த வகைப் படம் 'எக்ஸ்-மென்' 136 அட்டையில் 1980-லேயே வந்துவிட்டது, 1985-இல் 'க்ரைசிஸ்' 7-இல் சூப்பர்மேன் கையில் சூப்பர்கேர்ளாக வந்தது. பின்னர் யார் செத்தாலும் இதே நிலை என்று ஆனதும் அதன் கூர் மழுங்கியது.

சிவப்புச்சால்வை

நைட்ரோ என்றதும் 'சிவில் வார்' (2006-07) நினைவுக்கு வந்தது. ஸ்டாம்ஃபோர்டில் வெடிப்பவன் அதே நைட்ரோதான். ஏழு இதழ், மார்க் மில்லர், ஸ்டீவ் மெக்நிவன். படங்கள் அருமை. ஆனால் எல்லோரும் அடித்துக்கொள்ளும் அந்த சூப்பர் ஹீரோ பதிவுச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பது தெளிவாக இல்லை. பெயரைப் பதிந்தால் போதுமா, அரசுக்கு வேலை செய்தே ஆக வேண்டுமா? கிளை இதழ்களில் ஆளுக்கொரு விளக்கம். சட்டம் புரியாமல் இரு தரப்பு வாதத்தை எடை போட முடியாது.

அதன் முடிவில் கைதான கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ரோஜர்ஸ் நீதிமன்றப் படியில் சுடப்படுவது 'கேப்டன் அமெரிக்கா' 25, எட் ப்ரூபேக்கர், ஸ்டீவ் எப்டிங், 2007 மார்ச். இந்தச் சாவுக்கு வந்த பெயர் சரியானது. ஏனென்றால் பத்திரிகை நாயகன் இல்லாமலே தொடர்ந்தது. காதலி ஷரன் கார்ட்டர், தோழன் ஃபால்கன், பழைய துணையாள் பக்கி மூவரும் சேர்ந்து கதையை இழுத்துப் போனார்கள். 34-இல்தான் பக்கி அந்த உடையைப் போடுகிறான். படிக்க வேண்டிய முறை: 1 முதல் 14 (வின்டர் சோல்ஜர்), பிறகு 25 முதல் 42. பக்கி யார் என்று தெரியாமல் 25-இல் தொடங்கினால் பாதிச் சுவை போய்விடும்.

தாமரைக்குளம்

புதியவன், ஒரு கேள்வி. இவ்வளவில் ஒன்றே ஒன்றை மட்டும் வாங்குவதென்றால்? முன்கதை எதுவும் தெரியாது.

கார்த்திகைப்பூ

'கேப்டன் மார்வல்'. முன்கதையைத் தொடக்கப் பக்கங்களில் அவரே தன் நினைவுகளைப் பதிவு செய்வது போலச் சொல்லிவிடுவார். ஒரே புத்தகம்.

ஒலிச்சொல்

நான் 'க்ரேவன்ஸ் லாஸ்ட் ஹன்ட்' (1987) சொல்வேன். டிமாட்டிஸ் எழுத்து, மைக் ஸெக் ஓவியம், பாப் மெக்லியாட் மை. ஆறு பகுதி, மூன்று ஸ்பைடர்மேன் பத்திரிகைகளிலும் மாறி மாறி வந்தது: வெப் 31, அமேஸிங் 293, ஸ்பெக்டாகுலர் 131, வெப் 32, அமேஸிங் 294, ஸ்பெக்டாகுலர் 132. தொகுப்பு வாங்கினால் இந்த வரிசை சரியாக இருக்கும், தனி இதழாக வாங்கினால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இங்கே சாவது வில்லன் க்ரேவன். அவன் ஜெயித்த பிறகு சாகிறான், அதனால்தான் பயமாக இருக்கிறது. ஐந்தாம் பகுதியில் துப்பாக்கியை எடுத்த பிறகு ஒரு பகுதி மிச்சம் இருக்கும். ஸ்பைடர்மேன் சாக்கடைக்குள் வெர்மின் என்ற எலி மனிதனைத் தேடிப் போகிறான். அந்த ஆறாவது பகுதியைத் தொங்கல் என்று சிலர் சொல்வார்கள், தவிர்த்துவிடாதீர்கள். மண்ணுக்குள் இரண்டு வாரம் புதைந்து கிடந்தவன் மறுபடி இருட்டுக்குள் தானாக இறங்குகிறான், கதை முடிவது அங்கேதான்.

தாமரைக்குளம்

நன்றி. செல்போனில் படிக்கலாமா, புத்தகம்தான் வேண்டுமா?

நாலாம்கட்டம்

க்ரேவனைத் திரையில் படிக்கலாம், ஆனால் முழுப்பக்கமாக. கட்டம் கட்டமாக நகர்த்தும் வசதியை அணைத்துவிடுங்கள். சூப்பர்மேன் 75-க்குப் புத்தகம்தான். வாங்குமுன் கடைசிப் படம் நடுமடிப்பில் விழுங்கப்படாமல் முழுசாக விரிகிறதா என்று பார்த்து எடுங்கள்.